டேட்டாபேஸை நாஸில் வைப்பதா, சர்வரிலேயே வைப்பதா?

வணக்கம் நண்பர்களே. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் கடையும் அலுவலகமும். தொட்டியில் ஊறும் கல், காயும் கல், விற்ற கல் எல்லாம் ஒரே ஈஆர்பியில்தான் (இருப்பு, பில் எல்லாம் சேர்ந்த மென்பொருள்) ஏறுகிறது. 12 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதமாக, காலை 11 மணிக்கு மேல் எல்லோரும் பில் போட ஆரம்பித்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

அந்த ஈஆர்பியின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது, சுமார் 60 ஜிபி. சர்வரை மாற்றியபோது அதை நாஸுக்கு (நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் தனி டிஸ்க் பெட்டி) கொண்டுபோனோம், அதிலிருந்துதான் தொல்லை. நாஸில் நான்கு சாதாரண ஹார்டு டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு), ஐஸ்கஸி (நாஸின் டிஸ்க்கை சர்வரின் சொந்த டிஸ்க் போலக் காட்டும் முறை), 1 ஜிகாபிட் நெட்வொர்க்.

கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றினேன். சர்வரில் ரேம் கூட்டினேன், இண்டெக்ஸைப் புதுப்பித்தேன். பலனில்லை. நெரிசல் நேரத்திலும் நெட்வொர்க் பாதிகூட நிரம்பவில்லை, டிஸ்க்தான் காத்திருக்க வைக்கிறது. ரெய்டு 5-இல் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் பாரிட்டியையும் (போன டேட்டாவை மீட்க வைக்கும் கூடுதல் தகவல்) படித்து எழுத வேண்டியிருப்பதால் இருக்கலாம். அப்புறம், ஒரு ஞாயிறு டேட்டாபேஸின் நகலை சர்வரின் எஸ்எஸ்டியில் வைத்து ஓட்டினேன். நாலு நிமிட இருப்பு அறிக்கை 20 வினாடியில் வந்தது.

விற்பனையாளர் எஸ்எஸ்டி, ரெய்டு 10 (பாரிட்டி இல்லாமல் ஜோடி ஜோடியாக நகல் வைக்கும் அமைப்பு), 10 ஜிகாபிட் நெட்வொர்க்கோடு புது நாஸ் வாங்கச் சொல்கிறார். எனக்கோ டேட்டாபேஸை சர்வரில் இரண்டு எஸ்எஸ்டியில் மிரர் செய்துவிட்டு (இரண்டிலும் ஒரே டேட்டா), பழைய நாஸை பேக்கப்புக்கு மட்டும் வைக்கலாம் என்று தோன்றுகிறது.

12 பேர் அளவுக்கு இந்த இரண்டில் எதை நம்பிப் போகலாம்?