ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு ஸ்காட் வாங்கலாமா, மான்டிஸ் போதுமா?

வணக்கம் நண்பர்களே, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள், ரேஞ்சுக்கு வாரக்கடைசியில்தான் போக முடிகிறது, மற்ற நாட்களில் வீட்டு ஹாலில் பெல்லட் இல்லாமல் டிரை ஃபயர்தான். அதற்குத் துப்பாக்கியில் மாட்டும் ஒரு எலக்ட்ரானிக் டிரெய்னர் வாங்கலாம் என்று பார்த்தால், ஸ்காட், மான்டிஸ் என்ற இரண்டில் எது என்று ஒரே குழப்பம்.

ஸ்காட் மாதிரி கேமரா வைத்தது குழலில் மாட்டிக்கொண்டு இலக்கையே பார்க்கிறது, டிரிகர் இழுப்பதற்கு முன்னால் குறி எப்படி அலைந்தது, இழுத்த அந்த நொடியில் எந்தப் பக்கம் நழுவியது என்று கோடாகவே காட்டிவிடும். விலைதான் மூச்சு முட்டுகிறது! மான்டிஸ் மலிவு, ஆனால் அது துப்பாக்கியின் அசைவை மட்டும் அளக்கிறது, இலக்கைப் பார்ப்பதே இல்லை. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையமே 11.5 மில்லிமீட்டர் அகலம்தான், குறி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அசைவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது என் சந்தேகம். டிரிகர் பழக்கத்துக்கு அது போதும் என்கிறார் கோச்.

எங்கள் ஹாலில் 5 மீட்டர்தான் கிடைக்கும், இலக்கைப் பாதியாகச் சுருக்கி ஒட்டினால் கேமரா சரியாகப் பிடிக்குமா? டியூப் லைட் வெளிச்சம் போதுமா, தனி விளக்கு வேண்டுமா? அப்புறம், முன்னால் மாட்டும் எடையில் பிஸ்டலின் பேலன்ஸ் மாறுகிறதா?

பழையது வாங்கியவர்கள், கேபிள் உள்ள மாடலா வயர்லெஸ்ஸா என்று சேர்த்தே சொல்லுங்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒருமுறை நேரில் வந்து பார்க்கலாமா?