பத்திரிகைக்காரர் நடத்திய பாலைவனப் பண்ணை: வாண்டர்பில்ட்டை நம்பி அங்கே தங்கியிருப்பீர்களா?

மணல்மேடு:
அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரக் குடும்பத்தில் 1898-இல் பிறந்த கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் ஜூனியர் பற்றித்தான் இந்த இழை. நண்பர்கள் அவரை நீல் என்பார்கள். ஐந்தாம் அவென்யூ மாளிகையில் வளர்ந்தவர். அம்மா கிரேஸ், நியூயார்க் மேல்தட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்த பெண்மணி. மகன் போய் நிருபர் வேலையில் சேர்ந்தார். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் நெவாடா மாநிலம் ரீனோவுக்குப் பக்கத்தில் ‘லேஸி மீ’ என்ற விருந்தினர் பண்ணையை நடத்தினார். அந்தக் காலத்தில் ரீனோ பக்கப் பண்ணைகளுக்கு முக்கியமான வாடிக்கை, விவாகரத்து வாங்க வந்தவர்கள்தான். 1931 மார்ச்சில் நெவாடா, விவாகரத்துக்கான வசிப்புக் காலத்தை மூன்று மாதத்திலிருந்து ஆறு வாரமாகக் குறைத்தது. சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் அதே நாளில்தான். ஆறு வாரம் எங்காவது தங்கியாக வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பண்ணைகள்.

என் கேள்வி இதுதான். நாலு பேர் கதையை எழுதிப் பிழைக்கிற ஒருவர், வாழ்க்கையின் மோசமான ஆறு வாரத்தில் இருப்பவர்களுக்கு அறை வாடகைக்கு விடலாமா?

ஏட்டுச்சுரைக்காய்:
விடக்கூடாது. இந்த ஆள் 1929-இல் ‘ரீனோ’ என்றே ஒரு நாவல் எழுதினார், அடுத்த வருடமே அது சினிமாவும் ஆனது. ஊரின் பெயரையே விற்றவர், ஊருக்கு வந்தவர்கள் பேச்சை மட்டும் விட்டுவைப்பாரா? கோடீஸ்வர வாரிசுக்குப் பொழுது போக ஒரு பத்திரிகை, அது சலித்தால் ஒரு பண்ணை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பழைய அச்சு:
சுரைக்காய் சார், பத்திரிகை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நானே அச்சகத்தில் மை பூசிய கை. 1923-இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் ஒரு டேப்லாய்ட் (பரபரப்புச் செய்திகளுக்குப் பேர்போன சிறிய அளவு நாளேடு) தொடங்கினார், விலை ஒரு சென்ட். போட்டிக்கு ஒரு பக்கம் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், இன்னொரு பக்கம் சாண்ட்லர் குடும்பத்தின் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’. கொலை, கள்ளக்காதல், ஆபாசம் எதுவும் போடமாட்டேன் என்று சொல்லி நடத்தினார். டேப்லாய்டை அப்படி நடத்துகிறவனை அச்சகத்தில் பைத்தியக்காரன் என்றுதான் சொல்வோம். சான்பிரான்சிஸ்கோவிலும் மயாமியிலும் ஒவ்வொன்று திறந்தார். 1926-இல் எல்லாம் கவிழ்ந்தது.

ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை சாகவில்லை. மான்செஸ்டர் பாடி என்பவர் எடுத்து நடத்தினார். முப்பதுகளில் அந்த ஊரில் அதிபர் ரூஸ்வெல்ட் பக்கம் நின்ற பெரிய நாளேடு அதுதான். பொழுதுபோக்காக ஆரம்பித்த ஒன்று இவ்வளவு தூரம் ஓடுமா?

ஏட்டுச்சுரைக்காய்:
ஓடியது பாடியின் திறமையால். நீங்கள் சொல்லும் ‘சுத்தமான’ ஆசிரியர், அந்தப் பத்திரிகையைக் கடனில் மூழ்கடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அச்சு ஐயா.

தேன்மொழி:
இரண்டு பேரும் பத்திரிகையிலேயே நின்றுவிட்டீர்கள். பண்ணைக்கு வருவோம்.

அன்றைய நியூயார்க் சட்டப்படி விவாகரத்துக்கு ஒரே காரணம்தான், துணையின் கள்ள உறவு. 1967 வரை இதே கதை. அடிக்கிற கணவன், குடிக்கிற கணவன் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. அதனால் என்ன செய்தார்கள்? ஓட்டலில் அறை எடுத்து, வாடகைக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்து, புகைப்படக்காரரைக் கதவைத் தட்டச் சொல்லி, பொய்யாக ஒரு ‘கள்ள உறவை’த் தயாரித்தார்கள். தென் கரோலினாவிலோ விவாகரத்தே கிடையாது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் ரயிலேறி வந்து, ‘மனரீதியான கொடுமை’ என்று இரண்டு வார்த்தை சொல்லி, சில நிமிடங்களில் விடுதலை வாங்க முடிந்தது என்றால் அது சின்ன விஷயமா?

பண்ணையில் அவள் குதிரை ஏறக் கற்றாள், டாஹோ ஏரிக்குப் போனாள், தன்னைப் போலவே வந்த நாலு பெண்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டாள். ஊரில் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே கதை. இதை நடத்தியவர் பணக்காரரா ஏழையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

ஏட்டுச்சுரைக்காய்:
அம்மா, எந்த ‘அவள்’? ஆறு வாரம் வேலை வெட்டி இல்லாமல் குதிரை ஏற எத்தனை பேருக்கு வசதி? 1931 என்றால் பொருளாதாரப் பெருமந்தம். ஊரே பிரெட்டுக்கு வரிசையில் நிற்கிறது.

தேன்மொழி:
1931-இல் ரீனோ இருக்கும் வாஷோ மாவட்டத்தில் மட்டும் 4,000-க்கும் மேல் விவாகரத்து. 1930 கணக்கெடுப்பில் ரீனோவின் மொத்த மக்கள்தொகையே 18,500 சொச்சம். அத்தனை பேரும் வாண்டர்பில்ட்டின் அத்தை மகளா? பண்ணை ஒரு ரகம், அவ்வளவுதான். இல்லாதவர்கள் சாதாரண வீடுகளில் வாடகைக்குத் தங்கினார்கள், அங்கேயே பரிமாறுகிற வேலையோ கடை வேலையோ பார்த்து வக்கீல் பணத்தைச் சேர்த்தார்கள். அதோடு, மாட்டு விலை விழுந்து வறட்சியில் தவித்த நெவாடா பண்ணைக்காரர்களுக்கு இந்த விருந்தினர்கள்தான் கைகொடுத்தார்கள். கிழக்கிலிருந்து வந்த பணம் அந்த வறண்ட மண்ணில் தங்கியது.

மணல்மேடு:
தேன்மொழி, நீங்கள் சொல்வது ரீனோவுக்கான நியாயம். நான் கேட்பது பண்ணைக்காரரைப் பற்றி. வழக்கு எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஆறு வாரமும் அந்தப் பெண் நெவாடாவை விட்டுப் போகவில்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது தங்கியிருந்த இடத்தின் முதலாளியோ, அங்கே வேலை பார்ப்பவரோதான். ‘தினமும் பார்த்தேன்’ என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அதாவது விருந்தினர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார், எப்போது அழுகிறார் எல்லாம் அந்த வீட்டுக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் பத்திரிகைக்காரராகவும் இருந்தால்?

பழைய அச்சு:
இருந்தால் என்ன? அவரே முதல் திருமணத்தை ரீனோவில்தான் முறித்துக்கொண்டார். மொத்தம் ஏழு கல்யாணம். வலி தெரிந்தவர். ஊரைப் பற்றி நாவல் எழுதினார் என்பதற்காக விருந்தினர் ரகசியத்தை விற்றார் என்று ஆகிவிடாது. அதற்கு ஆதாரம் காட்டுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஏழு கல்யாணம் செய்தவருக்கு வலி தெரியும் என்பது புது வாதம். நிறைய சமைத்தவருக்குப் பசி தெரியும் என்கிற மாதிரி.

ரயிலடி:
இடையில் ஒரு வார்த்தை. அந்த நீதிமன்றத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: ‘நெவாடாவிலேயே தொடர்ந்து வசிக்கும் எண்ணமா?’ எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். அன்று மாலையே பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்பார்கள். நீதிபதிக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், சாட்சிக்கும் தெரியும். கல்யாண மோதிரத்தை ரீனோவில் ஓடும் ட்ரக்கி ஆற்றில் வீசினார்கள், நீதிமன்றத் தூணை முத்தமிட்டார்கள் என்பதெல்லாம் பெரும்பகுதி பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. ஆக ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றுகிறது, அதைச் சுற்றி இன்னொரு பொய்யைப் பத்திரிகைகள் விற்கின்றன. இதில் வாண்டர்பில்ட்டை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்துவது எப்படி?

மணல்மேடு:
இரண்டு பக்கமும் கால் வைத்தவர் என்பதால்தான், ரயிலடி.

பழைய அச்சு:
அவர் கால் வைத்த இன்னொரு இடத்தையும் சொல்கிறேன். 1933-இல், ஹிட்லர் பதவிக்கு வந்த புதிதில், ஜெர்மனிக்குப் போய்ப் படமெடுத்து வந்தார். அது ‘ஹிட்லர்ஸ் ரெய்ன் ஆஃப் டெரர்’ (ஹிட்லரின் பயங்கர ஆட்சி) என்று 1934 ஏப்ரலில் நியூயார்க்கில் திரைக்கு வந்தது. ஜெர்மன் தூதரகம் எதிர்த்தது, தணிக்கையிலும் மாட்டியது. சாப்ளின் ஹிட்லரைக் கிண்டல் செய்து படம் எடுத்தது 1940-இல். ஆறு வருடம் முன்னாலேயே எச்சரித்தவரை விளையாட்டுப் பிள்ளை என்கிறீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தப் படத்தில் ஹிட்லரோடு அவர் பேசுகிற காட்சி நடிகரை வைத்து எடுத்தது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எச்சரிக்கை சரி, துணிச்சலும் சரி. ஆனால் நடந்ததாகச் சொல்வதைத் திரும்ப நடித்துக் காட்டுகிறவர், தன் பண்ணையில் கேட்டதை நாலு மாற்று மாற்றிக் கதையாக்க மாட்டாரா? இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

தேன்மொழி:
மாட்டார் என்று நானும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அங்கே தங்கியவர்கள் குழந்தைகள் இல்லை. அவர் யார், என்ன தொழில் என்று அமெரிக்காவுக்கே தெரியும். தெரிந்துதான் வந்தார்கள். சிலர் அந்தப் பெயருக்காகவே வந்திருப்பார்கள், ‘வாண்டர்பில்ட் பண்ணையில் தங்கினேன்’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே. சுரைக்காய், நீங்கள் அந்தப் பெண்களுக்காகப் பரிந்து பேசுவதாக நினைக்கிறீர்கள். உங்கள் பேச்சில் அவர்கள் எல்லோரும் ஏமாளிகளாகத்தான் வருகிறார்கள்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்கு வேண்டாம். படத்தைப் பற்றிப் பேச விரும்புபவர்கள் தனி இழை தொடங்கவும்.

ஏட்டுச்சுரைக்காய்:
தாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. தேன்மொழி அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும். விவாகரத்துக்கு நீங்களே அங்கே போக வேண்டியிருந்தது என்று வையுங்கள். அவர் பண்ணையில் இறங்குவீர்களா, ஊருக்குள் ஏதாவது ஒரு விதவையின் வீட்டு மாடியில் அறை தேடுவீர்களா?

தேன்மொழி:
விதவை வீட்டு மாடிதான். அங்கே வாடகை குறைவு.