வெயிலில் போல்ட் இறுகிவிடுகிறது: .375 மேக்னம் ரைபிளுக்குக் கையால் நிரப்பிய தோட்டாக்கள் குறித்து உதவி தேவை

குடியாத்தத்துக்காரர் (மெல்போர்ன்), அக்டோபர் 14

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் பிறந்து, வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, இப்போது ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பணிபுரிகிறேன். உரிமம் பெற்று .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் போல்ட் (அறையை மூடித் திறக்கும் தாழ்) ரைபிள் ஒன்றை வைத்திருக்கிறேன். இந்நாட்டின் வடக்குப் பகுதியில் காட்டில் திரியும் நீரெருமைகள் பெருகிக் கிடக்கின்றன. அவை இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறைச்சிக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, பின்னர் காட்டில் விடப்பட்டவை. நில உரிமையாளரின் அனுமதியோடு அவற்றைச் சுடலாம் என்பதால், நண்பர்கள் மூவருடன் சென்ற மாதம் அங்கே போயிருந்தேன்.

தோட்டாக்களை நானே நிரப்பினேன். 300 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ 19.4 கிராம் கொண்ட நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டு, மேக்னம் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), கையேட்டில் குறித்துள்ள உச்ச அளவுக்கு அரை கிரெய்ன் மட்டும் குறைவான வெடிமருந்து. ஜூலை மாதக் காலையில், 7 டிகிரி குளிரில், சுடும் திடலில் வைத்துச் சோதித்தபோது சராசரி வேகம் விநாடிக்கு 774 மீட்டர் வந்தது. போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திறந்தது. பிரைமரின் ஓரங்கள் வட்டமாகவே இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணி, அதே அளவில் 40 தோட்டாக்களை நிரப்பி எடுத்துக்கொண்டேன்.

வடக்கே சென்றபோது நிழலிலேயே 38 டிகிரி வெப்பம். வேட்டைக்கு முன் குறியைச் சரிபார்ப்பதற்காக, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மணி நேரம் கிடந்த பெட்டியிலிருந்து மூன்று தோட்டாக்களை எடுத்துச் சுட்டேன். முதல் இரண்டும் 796 மீட்டர் காட்டின. மூன்றாவதைச் சுட்டபின் போல்ட் கைப்பிடி மேலே எழவே இல்லை. உள்ளங்கையால் இருமுறை ஓங்கித் தட்டிய பிறகுதான் திறந்தது. வெளியே வந்த பித்தளைக் கூட்டின் அடிப்பாகத்தில் பளபளப்பான பிறை வடிவத் தடம் இருந்தது; பிரைமர் தட்டையாகியிருந்தது. இருக்கைக்கு அடியில் உணவுப் பையோடு வைத்திருந்த வேறு இரண்டு தோட்டாக்கள் எந்தத் தொல்லையும் இன்றி 780 மீட்டர் வேகத்தில் சென்றன. அதன் பின் நான் சுடவில்லை. எருமையின் எதிரில் இரண்டாவது குண்டுக்காகப் போல்டைத் திறக்க முடியாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

மருந்தை இரண்டு கிரெய்ன் குறைத்தால் போதுமா, அல்லது மருந்தையே மாற்ற வேண்டுமா? மீதமுள்ள 35 தோட்டாக்களை என்ன செய்வது?

காட்பாடிக்காரர், அக்டோபர் 14

தம்பி, வணக்கம். நான் காட்பாடிப் பக்கம் வெடிமருந்து ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரைபிளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மருந்தைப் பற்றித் தெரியும்.

புகையில்லா மருந்து எரியும் வேகம், எரியத் தொடங்கும்போது அது எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே சூடாக இருக்கும் மருந்து மணி பற்றிக்கொள்வதற்குச் சிறிதளவு வெப்பமே போதும். ஆகவே அது விரைவாக எரிகிறது, தோட்டா அமரும் அறையில் அழுத்தம் சீக்கிரம் ஏறுகிறது, ஏறிய அழுத்தம் எரியும் வேகத்தை மேலும் கூட்டுகிறது. ஒன்றையொன்று துரத்தும் இந்த ஓட்டத்தால்தான், வேகம் 22 மீட்டர் மட்டுமே கூடியிருக்கும்போது அழுத்தம் அந்த விகிதத்தை விடப் பல மடங்கு ஏறிவிடுகிறது. உங்கள் வேகமானி காட்டியதைச் சிறிய மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மருந்து வெறும் நைட்ரோசெல்லுலோசா, நைட்ரோகிளிசரினும் கலந்ததா என்று டப்பாவில் பாருங்கள். கலந்தவை பொதுவாக வெப்பத்துக்கு அதிகம் அசைந்துகொடுக்கும், விதிவிலக்கும் உண்டு. உங்கள் தோட்டா 1912இல் வெளிவந்தபோது அதில் நிரப்பப்பட்டது கார்டைட். நம் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை எந்த மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அதேதான். பழைய முதல் வகைக் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின் இருந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெயிலில் அது எப்படிச் சீறும் என்பதை அறிந்துதான், அந்தக் காலத்து ஆங்கிலேயர் வெப்ப நாடுகளுக்கான தோட்டாக்களில் அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். உங்கள் தோட்டாக் கூடு அடியிலிருந்து நுனிவரை நன்றாகச் சாய்ந்து ஒடுங்குவதும் சுட்டபின் எளிதில் வெளியே வர உதவும் வடிவமே. அத்தகைய கூடே இறுகிவிட்டது என்றால், அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கம்மவான்பேட்டை ஆர்மரர், அக்டோபர் 15

காட்பாடி ஐயா சொன்னது சரி. ஆனாலும் வெயில் ஒன்றையே குற்றவாளியாக்கி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 26 ஆண்டுகள் இராணுவத்தில் ஆயுதப் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறுகிய போல்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்காது, இரண்டு இருக்கும்.

தம்பி, நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். சுடுவதற்கு முன் அறையில் இருந்த எண்ணெயை உலரத் துடைத்தீர்களா? எண்ணெய்ப் படலம் இருந்தால் பித்தளை அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, முழு விசையையும் போல்ட்டின் முகத்தில் தள்ளும். கூடுகளின் நீளத்தை அளந்தீர்களா? 72.39 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால், வாய்ப்பகுதி குழலின் தொடக்கத்தில் நெரிபட்டு, குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூடுகள் எத்தனை முறை சுடப்பட்டவை? அடியிலுள்ள பட்டைக்குச் சற்று மேலே, கூட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஏதாவது தெரிகிறதா?

கடைசிக் கேள்விக்காக ஒரு சோதனை செய்யுங்கள். குண்டூசிபோல் மெல்லிய கம்பியின் நுனியை மடக்கிக் கூராக்கி, வெற்றுக் கூட்டுக்குள் விட்டு, உட்சுவரோடு உரசியபடி அடியிலிருந்து மேலே இழுங்கள். பட்டைக்கு மேலே நுனி பள்ளத்தில் தடுக்கினால், அந்தக் கூடு அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ இரண்டாகப் பிரியும். பிரிந்தால் வாயு பின்னோக்கி உங்கள் முகத்துக்கு வரும்.

குடியாத்தத்துக்காரர், அக்டோபர் 17

ஐயா, மிக்க நன்றி. அறையைத் துடைத்திருந்தேன். நீளம் அனைத்திலும் 72.2க்குள் இருக்கிறது. கூடுகள் இதற்கு முன் நான்கு முறை சுடப்பட்டவை. நீங்கள் சொன்ன கம்பிச் சோதனையை, அந்தப் பயணத்தில் சுட்ட ஐந்து கூடுகளிலும் நேற்று இரவு செய்தேன். மூன்றில் நுனி தடுக்கியது. அதில் ஒன்று, போல்ட் இறுகிய அதே கூடு. வெளியே பார்த்தால் வெளிறிய கோடு மயிரிழைபோல் தெரிகிறது. இத்தனை நாள் அதைக் கறை என்று நினைத்திருந்தேன். என் கைகள் சில்லிட்டுப் போயின.

கம்மவான்பேட்டை ஆர்மரர், அக்டோபர் 17

நல்ல நேரத்தில் கண்டுபிடித்தீர்கள். காரணம் உங்கள் டையில், அதாவது சுட்ட கூட்டை மீண்டும் அளவுக்கு நசுக்கும் அச்சில், இருக்கிறது. பட்டையுள்ள மேக்னம் தோட்டா, அறைக்குள் பட்டையைக் கொண்டே நிற்கும்படி செய்யப்பட்டது. அதனால் அறைகளைக் கடையும்போது, கூடு கழுத்துப் பக்கம் ஒடுங்கும் தோள் பகுதியில் தாராளமாக இடம் விடுவது வழக்கம். முதல் முறை சுடும்போதே கூடு முன்னோக்கி நீண்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். நீங்கள் டையை அடிவரை திருகி, கூட்டை ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்கே நசுக்கினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை மறுபடி நீள வேண்டியிருக்கும். அந்த நீட்சி முழுவதும் பட்டைக்கு மேலுள்ள ஒரே இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நான்கைந்து முறையில் அவ்விடம் மெலிந்துவிடும்.

டையை மேலே ஏற்றி வைத்து, சிறிது சிறிதாக இறக்கி, தோள் 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்வாங்கும் இடத்தில் பூட்டுங்கள். கூட்டின் தோளைப் பற்றி அளக்கும் கருவி கடையில் கிடைக்கும். நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவையும் வேட்டைக்கு முன் பாதுகாப்பான திடலில் அறையில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். ஆபத்தான விலங்கின் முன் செல்பவருக்கு, தோட்டா தடையின்றி உள்ளே போய் வெளியே வருவதே முதல் தேவை. பித்தளை இரண்டு முறை கூடுதலாக உழைப்பது அதன் பிறகு வருவது.

அந்த 35 தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுட வேண்டாம். குண்டுகளைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவை வீணாகாது. கூடுகள் ஒரே வயதுடையவை என்பதால் எல்லாவற்றையும் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள். அவ்வளவு அழுத்தம் ஏறிய ரைபிளை ஒரு கைதேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, போல்ட்டின் பிடிப்புகளையும் தலையிடைவெளியையும் (போல்ட்டின் முகத்துக்கும் அறையில் கூட்டைத் தாங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கச் சொல்லுங்கள்.

வாணியம்பாடிக்காரர் (டார்வின்), அக்டோபர் 18

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் வடக்கிலேயே ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன், இதே .375தான் என்னிடமும். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இரண்டு கிரெய்ன் குறைப்பதும் வழிதான், ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அந்த மருந்தை வெயிலுக்கு ஏற்றபடி குறைத்தால், மெல்போர்ன் குளிரில் வேகம் மேலும் தளர்ந்து, குறி வேறு இடத்தில் விழும். வெயிலுக்கு ஒரு கணக்கு, குளிருக்கு ஒரு கணக்கு என்று மனத்தில் சுமக்க வேண்டியிருக்கும்.

வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகளே இங்கு உற்பத்தியாகின்றன. நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா என்ற ஊரில் செய்யப்படும் ஏ.ஆர். 2209 என்ற மருந்துதான் அமெரிக்காவில் எச் 4350 என்று விற்கப்படுகிறது, ஏ.ஆர். 2208 அங்கே வார்கெட் ஆகிறது. இரண்டும் .375க்கு நன்றாகப் பொருந்துபவை. 300 கிரெய்ன் குண்டுக்கு நான் 2209ஐயே வைத்திருக்கிறேன். அளவை இங்கே எழுத மாட்டேன். என் ரைபிளில் பொருந்தியது உங்கள் ரைபிளில் மிகையாகலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் உங்கள் குண்டுக்கெனக் குறித்துள்ள தொடக்க அளவிலிருந்து, அரை அரை கிரெய்னாக ஏறுங்கள். குண்டு, பிரைமர், கூடு இவற்றில் எதை மாற்றினாலும் மீண்டும் தொடக்கத்துக்குப் போங்கள்.

இன்னொன்று: 774 மீட்டரைத் துரத்த வேண்டாம். நம்மூரில் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் எருமையை விடப் பெரிய உடம்பு அது. அதன் தோள் எலும்பைக் கடந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குண்டைக் கொண்டுசேர்ப்பது குண்டின் உறுதியே. விநாடிக்கு 20 மீட்டர் குறைந்தால் எருமைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பார்ட்டிஷனின் நடுவில் உள்ள செப்புச் சுவர் முன்பாதி விரிந்த பிறகும் பின்பாதியைக் கட்டிக்காக்கிறது. ஆகவே குண்டை மாற்ற வேண்டியதில்லை. முழுச் செம்புக் குண்டுக்கு மாற நினைத்தால், அதே எடையில் அது நீளமானது, கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஈயக் குண்டின் அளவை அதற்குப் போடவே கூடாது.

தோட்டாக்களைப் பனிக்கட்டி இல்லாத குளிர்பெட்டியில், துணியில் சுற்றி, இருக்கைக்குப் பின்னால் வைக்கிறேன். பல குண்டுகள் சுட்டுக் குழல் சூடேறியபின், அறையில் ஒரு தோட்டாவை ஏற்றியபடியே காத்திருப்பதும் வெயிலில் வைப்பதற்குச் சமம்.

அரக்கோணத்து இளைஞர், அக்டோபர் 19

அண்ணா, என் பாட்டனாரின் உரிமம் பெற்ற பழைய ரைபிள் வீட்டில் உள்ளது. அதற்கு நானும் இவ்வாறு நிரப்பிக்கொள்ளலாமா? ஜவ்வாது மலையில் பன்றிகள் அதிகம் என்கிறார்கள்.

கம்மவான்பேட்டை ஆர்மரர், அக்டோபர் 19

கூடாது, தம்பி. நம் நாட்டில் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதற்கென உரிமம் இன்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது வெளிநாட்டில் அந்நாட்டுச் சட்டத்துக்குள் நடப்பதை மட்டுமே. பாட்டனாரின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஐயம் இருந்தால் தாமதிக்காமல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குடியாத்தத்துக்காரர், ஜனவரி 23

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். முடிவைச் சொல்லாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். 35 தோட்டாக்களையும் பிரித்தேன். கம்பிச் சோதனையில் அவற்றில் 11 கூடுகளில் பள்ளம் இருந்தது. ரைபிளைப் பரிசோதித்தவர், போல்ட்டின் பிடிப்புகளில் கேடில்லை என்றும் தலையிடைவெளி சரியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

புதிய கூடுகளை வாங்கி, ஒருமுறை சுட்டபின் டையை ஆர்மரர் ஐயா சொன்னபடி அமைத்தேன். வாணியம்பாடி பாய் சொன்ன 2209 மருந்தைத் தொடக்க அளவிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து, உச்சத்துக்கு இரண்டு கிரெய்ன் முன்பாகவே குண்டுகள் நெருங்கி விழுந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டேன். நவம்பர் மாதத்தில் 12 டிகிரியில் சராசரி 756 மீட்டர். நேற்று இங்கே 40 டிகிரி. ஆம்பூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலை நினைவூட்டும் பகல். நிழலில் இரண்டு மணி நேரம் வைத்திருந்த தோட்டாக்கள் ஐந்தையும் சுட்டேன். சராசரி 760 மீட்டர் வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு விரல்களாலேயே போல்ட் திறந்தது.

காட்பாடி ஐயா, பழைய மருந்தின் டப்பாவைப் பார்த்தேன். நைட்ரோகிளிசரின் கலந்ததுதான்.