லாக்ஸ்டாஷ் 8-க்கு ஏத்தினதும் அலர்ட் ஊமையாயிடுச்சு

ஆந்தைவிழி:
சர்வர் லாக்கை எல்லாம் வாங்கி, பிரிச்சு அனுப்புற லாக்ஸ்டாஷை வெள்ளிக்கிழமை ராத்திரி 7.17-லிருந்து 8-க்கு ஏத்தினேன். சர்வீஸ் ஓடுது, லாக் வர்ற எண்ணிக்கையும் குறையலை. நிம்மதியா படுத்துட்டேன். ஞாயிறு முழுக்க ஒரு ஏபிஐ 502 (சர்வர் பக்கப் பிழைக் குறியீடு) அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் திங்கள் காலைலதான் தெரியும். அலர்ட் ஒண்ணுகூட வரலை. டாஷ்போர்டில் 500-க்கு மேல் எண்ணுற கட்டத்தில் அழகா 0. அதைப் பார்த்து "இந்த வாரம் அமைதியா இருக்கே"ன்னு குரூப்பில் எழுதினதும் நான்தான்.

லாக்கை எப்படிப் பிரிச்சு எங்கே அனுப்பணும்னு எழுதியிருக்கிற பைப்லைனில் ஒரு எழுத்தும் மாத்தலை. கம்பைண்ட் அப்பாச்சி லாக் பேட்டர்ன் போட்ட ஒரே கிராக் ஃபில்டர், லாக் வரியை ஃபீல்டுகளாப் பிரிக்கிறது அதுதான். பிரிக்க முடியலைன்னு சொல்ற பார்ஸ் ஃபெயிலியர் டேக் எதுவும் இல்லை. ஆனா 502 மாதிரி குறியீடு வந்து விழுற 'ரெஸ்பான்ஸ்' ஃபீல்டு வெள்ளியோட நின்னுடுச்சு. டிஸ்க்கும் வழக்கத்தைவிட வேகமா நிறையுது. எங்கே தேடறது?

பழையகை:
ஃபீல்டு எங்கேயும் போகலைங்க, பேரை மாத்திக்கிட்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கு. ஒரு ஈவன்ட்டை (ஒரு லாக் வரிக்கான பதிவு) விரிச்சுப் பாருங்க. 'கிளையன்ட் ஐபி' இருந்த இடத்தில் சோர்ஸுக்குக் கீழே அட்ரஸ். 'ரெஸ்பான்ஸ்' இப்போ எச்டிடிபி, ரெஸ்பான்ஸ், ஸ்டேட்டஸ் கோட்னு மூணு அடுக்கு.

7-ல் ஈசிஎஸ் (எலாஸ்டிக்கோட பொதுவான ஃபீல்டு பேர் முறை) கம்பாட்டிபிலிட்டி செட்டிங் டீஃபால்ட்டா அணைஞ்சிருக்கும். 8-ல் அது வி8. அதே பேட்டர்ன் பேர்தான், பின்னாடி எடுத்துக்கிற பேட்டர்ன் தொகுப்பு வேற. வரி சரியாப் பொருந்திடுது, அதனாலதான் ஃபெயிலியர் டேக் வரலை. உடைஞ்சிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க. டிஸ்க் விஷயமும் இதே கதைதான்: மூல வரி மெசேஜில் ஒரு தடவை, ஈவன்ட் ஒரிஜினலில் இன்னொரு தடவை.

இன்னைக்கே ஆறணும்னா அந்தப் பைப்லைனுக்கு மட்டும் பைப்லைன்ஸ் யாமல் ஃபைலில் அந்த செட்டிங்கை 'டிசேபிள்ட்'னு எழுதுங்க. பழைய பேர்கள் திரும்பிடும். மத்ததை ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். ஒரே நாளில் எல்லாத்தையும் மாத்தப் போய் நான் பட்ட பாடு போதும்.

நடுவரி:
அந்த ரெண்டு நாள் டேட்டா வேணும்னா, சனி, ஞாயிறு இண்டெக்ஸ்களில் (அந்தந்த நாள் டேட்டா இருக்கிற இடம்) புது ஸ்டேட்டஸ் கோட் ஃபீல்டுக்கு 'ரெஸ்பான்ஸ்'னு ஒரு ஃபீல்டு அலையஸ், அதாவது மாற்றுப் பேர், வைங்க. வெள்ளி இண்டெக்ஸில் நடக்காது, அதில் நிஜமான 'ரெஸ்பான்ஸ்' ஏற்கெனவே இருக்கு. திங்களுக்கும் அதே கதிதான், நீங்க செட்டிங்கை மாத்தினதும். அதோட பழையது எழுத்து, புதியது எண். 'ரெஸ்பான்ஸ் கீவேர்டு' வச்சு வரைஞ்ச கட்டம் அலையஸால் உயிர்க்காது.

லாக் ஃபைலைப் படிச்சு லாக்ஸ்டாஷுக்கு அனுப்புற ஃபைல்பீட்டில் இன்னும் பழைய லாக் இன்புட்தானா? அது 7.16-லேயே டெப்ரிகேட் (இனி பயன்படுத்தாதீங்கன்னு அறிவிப்பு) ஆயிடுச்சு. அதுக்குப் பதிலா வந்த ஃபைல்ஸ்ட்ரீமுக்குப் போறப்போ ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி ஐடி கொடுங்க, பழையது படிச்சு விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கிற டேக் ஓவரையும் போடுங்க. இல்லேன்னா எல்லா ஃபைலையும் முதல் வரியிலிருந்து திரும்பப் படிக்கும்.

ஆந்தைவிழி:
டிசேபிள்ட் போட்டேன். ஸ்டேஜிங்கில் (சோதனைச் சர்வர்) வேணும்னே ஒரு 502 வரவைச்சேன், அலர்ட் அடிச்சது. 'ரெஸ்பான்ஸ்' ஃபீல்டே இல்லாத ஈவன்ட் பத்து நிமிஷம் தொடர்ந்து வந்தா எழுப்பிவிடச் சொல்லி இன்னொரு அலர்ட்டும் வச்சாச்சு.

அப்புறம் லாக்ஸ்டாஷோட டெப்ரிகேஷன் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். டீஃபால்ட்டை நம்பாதே, மதிப்பை வெளிப்படையா எழுதுன்னு 7-ல் இருந்தப்போ ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு வரி. ஊர்ப்பட்ட லாக்கைச் சேர்த்து வைக்கிற எங்க டீமில் அந்த ஒரு ஃபைலை மட்டும் யாரும் எங்கேயும் அனுப்பலை.

ஃபைல்பீட் பழைய இன்புட்தான். செவ்வாய் பகலில் தொடறேன்.