எழுத அமைதி கிடைச்ச ஒரு நாள் — உங்க அனுபவம் சொல்லுங்க

திண்ணை:
போன மாசம் எங்க ஏரியால ஷட்டவுன், காலைல 9ல இருந்து 2 வரைக்கும். ஒரு சிறுகதை மூணு மாசமா முதல் பாராலயே நின்னுட்டு இருந்துச்சு. கரண்ட் போனதும் பக்கத்து வீட்டு டிவி, எதிர்வீட்டு மோட்டார், கீழ்வீட்டு மிக்ஸி எல்லாம் ஒண்ணா அடங்கிருச்சு பாருங்க, அணில் கத்துறது கேக்குது, பேனா பேப்பர்ல உரசுறது கேக்குது. வேர்வைல கை ஒட்டுதுன்னு அடியில நியூஸ்பேப்பர மடிச்சு வச்சுக்கிட்டு 14 பக்கம் எழுதினேன். கடைசி சீன் பாக்கி இருக்கும்போது கரண்ட் வந்துருச்சு, ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிச்சுது. அந்த சீன் இன்னிக்கு வரைக்கும் வரல. நம்ம வீட்டு மெயின ஆஃப் பண்ணியும் பாத்துட்டேன், தெரு அடங்கமாட்டேங்குது.

ராக்கோழி:
எனக்கு விடியக்காலை 4 மணிதான். அஞ்சரைக்கு பால் வந்துரும், 6 மணிக்கு தண்ணி விடுவாங்க, அதுக்குள்ள எழுதினாதான் உண்டு. மார்கழின்னா அதுவும் போச்சு, ஸ்பீக்கர்ல திருப்பாவை போட்ருவாங்க. ஒருநாள் ரூம்ல லைட் போட்டா புள்ள முழிச்சுக்குவான்னு அடுப்படி கதவ சாத்திட்டு தரைல உக்காந்து எழுதிட்டிருந்தேன், மாமியார் தண்ணி குடிக்க வந்தவங்க "என்னம்மா, கணக்கு எழுதுறியா"ன்னாங்க. ஆமா அத்தேன்னு சொல்லிட்டேன். கதை எழுதுறேன்னு ஏன் வாய் வரலன்னு இன்னும் உறுத்துது.

ஒத்தையடி:
திண்ணை, கரண்ட் கட்டுக்கெல்லாம் காத்திருந்தா வேலைக்காகாது. நான் எழும்பூர் கன்னிமாரால மூணு நாள் உக்காந்து ஒரு கட்டுரைய முடிச்சேன், என் கதை அவ்ளோதான். 1896ல இருந்து இருக்குற நூலகம், நம்ம நாட்டுல வர்ற புக்ல எல்லாம் ஒரு காப்பி போய்ச் சேர்ற நாலு இடத்துல ஒண்ணு, அங்க உக்காந்தா எழுதாம எந்திரிக்க மனசு வராது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக் கொண்டுபோய் படிக்க தனி இடமே இருக்கு, ஆனா டிஎன்பிஎஸ்சி பசங்க காலைலயே நிறைஞ்சிருவாங்க, சீக்கிரம் போங்க. மதுரைக்காரங்கன்னா நத்தம் ரோட்ல 2023ல திறந்த கலைஞர் நூலகம். ஃபோன வீட்லயே வச்சுட்டு போங்க. எந்திரிக்கும்போது வாக்கியத்த பாதில விட்டுட்டு வாங்க, மறுநாள் அதப் புடிச்சுட்டே போயிரலாம். ராக்கோழி, நீங்களும் ஞாயித்துக்கெழம போய்ப் பாருங்களேன்.

ராக்கோழி:
ஒத்தையடி சார், நான் வழி கேக்கல. ஞாயித்துக்கெழம ரெண்டு வயசுப் புள்ளைய யார் பாப்பாங்க? கவிஞர் சல்மா வீட்ட விட்டு வெளிய வர முடியாத காலத்துல ராத்திரி பாத்ரூம்ல நின்னுட்டு எழுதினவங்க. அவங்ககிட்ட சீக்கிரம் போய் இடம் புடிங்கன்னு சொல்வீங்களா?

தேன்சிட்டு:
சண்டை வேணாங்க. எனக்கு வைகை எக்ஸ்பிரஸ்லதான் எழுத வந்துச்சு. அப்பா போய் 16 நாள் காரியம் முடிச்சுட்டு சென்னைக்கு திரும்புறேன், திருச்சி தாண்டினதும் நோட்ட எடுத்து அப்பா பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியல, கண்ணுல தண்ணி வேற. டீக்காரர் சத்தம் போட்டுட்டே கிட்ட வர்றாரு, எதிர்சீட் பெரியவர் அவரப் பாத்து உதட்டுல விரல வச்சுக் காட்டினாரு. அவரும் சத்தமில்லாம தாண்டிப் போயிட்டாரு. பெரியவர் விழுப்புரத்துல இறங்குற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நானும் நிமிந்து ஒரு நன்றி சொல்லல.