புதுப்பிப்பு: கிட்டார் பலகையில் ஒட்டும் பிக்கப் – அடிநாதம் திரும்பியது

ஏற்காட்டில் எங்கள் பாடகர் குழுவுக்கு வாசிக்கும்போது, பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) அடியில் ஒட்டிய பியசோ பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் வில்லைகள்) வழியாக என் அக்கூஸ்டிக் கிட்டார் தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது, வேறு பிக்கப் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பிக்கப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் லைன் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பொதுவாகப் பத்து, இருபது கிலோ ஓம் அளவில்தான் இருக்கும் என்றும், பியசோவுக்குக் குறைந்தது 1 மெகா ஓம் இல்லாவிட்டால் தாழ்ந்த சுரங்களே முதலில் அடிபடும் என்றும் விளக்கி, நடுவில் ஒரு பிரீஆம்ப் (பிக்கப்பின் சைகையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வைக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. சேலத்தில் வாங்கி வந்து இணைத்ததும், மிகத் தடித்த ஆறாவது தந்தி தன் முழுக் கனத்தோடு ஒலித்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு: அடிநாதத்தோடு ஊளையும் (ஃபீட்பேக்) சேர்ந்து வந்தது. மேற்பலகையின் அதிர்வை அப்படியே எடுக்கும் பிக்கப் என்பதால், வாசிப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியில் பலகை அதிர்ந்தாலும் அதையும் எடுத்துவிடுகிறது. பிரீஆம்பில், சைகையின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்தியதும் பெரும்பகுதி அடங்கியது. மீதியை ஒலித்துளைக்கான ரப்பர் மூடி பார்த்துக்கொண்டது, தோற்றம்தான் சற்று விகாரம்.

மலை ஈரத்தில் இளகியிருந்த இரட்டைப் பக்க டேப்பை உரித்துவிட்டு, பிக்கப்பின் வில்லைகளைச் சூப்பர் குளூவால் ஒட்டியபின் விரல் மீட்டலும் தெளிவாகக் கேட்கிறது.