வட்டில் கிடக்கிற .எம்டி கோப்புக்கு எந்த சர்வர்?

கருவேலன்:
நேற்று மேகலா ஒரு கேள்வி கேட்டிருந்தார். உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். சொந்தக் கணினியின் வட்டில் இருக்கிற .எம்டி (மார்க்டவுன் உரை) குறிப்புகளைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியவில்லை, டவுன்லோட்ஸ் அடைவில் ஒரு நகல் வந்து விழுகிறது. அதற்கு தட்டச்சுதாஸ் கொடுத்த பதில்: ".எச்டிஅக்சஸ் கோப்பில் ஒரு ஆட்-டைப் (AddType) வரி சேர்த்து .எம்டி என்றால் டெக்ஸ்ட்/பிளெய்ன் (சாதாரண உரை) என்று அறிவியுங்கள், முடிந்தது." எட்டுப் பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. .எச்டிஅக்சஸ் என்பது அப்பாச்சி என்கிற வலை சர்வர் படிக்கிற கோப்பு. மேகலாவின் முகவரிப் பட்டையில் இருப்பதோ ஃபைல்:///, அதாவது வட்டிலிருந்து நேராகத் திறந்த கோப்பு. சர்வர் எங்கே இருக்கிறது?

தட்டச்சுதாஸ்:
18 வருடமாக ஹோஸ்டிங் வேலை பார்க்கிறேன். பிரவுசர் ஒரு கோப்பைக் காட்டுவதும் இறக்குவதும் அதன் மைம் வகையை, அதாவது உள்ளே இருப்பது உரையா படமா என்று சொல்கிற பெயரைப் பொறுத்தது. அந்த வகையைச் சொல்வது சர்வர். இதில் எந்த வரி தப்பு என்று காட்டுங்கள்.

கருவேலன்:
கடைசி வரி. ஃபைல்:/// என்றால் சர்வர் இல்லை. சர்வர் இல்லாவிட்டால் வகையைச் சொல்கிற தலைப்பு வரியும் (ஹெடர்) இல்லை. அப்போது ஃபயர்ஃபாக்ஸ் கோப்பின் நீட்டிப்பைப் பார்த்து, "இது என்ன வகை?" என்று இயங்குதளத்தைக் கேட்கிறது. லினக்ஸில் அதற்கு மைம் தரவுத்தளம் இருக்கிறது, விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்கிற அமைப்புப் பதிவேடு. லினக்ஸ் சொல்கிற பதில் டெக்ஸ்ட்/மார்க்டவுன். 2016இல் முறையாகப் பதிவான வகைதான் அது. ஆனால் அதைக் காட்ட ஃபயர்ஃபாக்ஸிடம் வழி இல்லை, அதனால் இறக்கி வைக்கிறது. காலில் முள் குத்தினால் தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறீர்கள்.

நெய்தல்:
எதற்கு இவ்வளவு பேச்சு? .எம்டி என்பதை .டிஎக்ஸ்டி என்று மாற்றினால் தெரியும்.

மேகலா:
மாற்றிப் பார்த்தேன், தெரிகிறது. ஆனால் மொத்தம் 412 குறிப்புகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன், எல்லாம் .எம்டி என்றே முடியும். பெயரை மாற்றினால் அத்தனையும் அறுந்துவிடும். அம்மாவின் மருந்து வேளைகளைக்கூட அதில்தான் எழுதி வைத்திருக்கிறேன். டவுன்லோட்ஸில் இப்போது "மருந்து(14).எம்டி" வரை சேர்ந்துவிட்டது. எதைத் திருத்தினேன், எது பழசு என்றே தெரியவில்லை.

தட்டச்சுதாஸ்:
சர்வர் இல்லை என்பதுதானே குறை? பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி போட்டால் அந்த அடைவே சர்வர் ஆகிவிடும். பதிவிறக்கம் நின்றுவிடும்.

கருவேலன்:
நிற்காது. பைத்தானின் குட்டி சர்வர் அப்பாச்சி இல்லை, .எச்டிஅக்சஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வகையைத் தன் பட்டியலிலும் /இடிசி/மைம்.டைப்ஸ் கோப்பிலும் தேடும். உபுண்டுவில் அங்கேயும் டெக்ஸ்ட்/மார்க்டவுன்தான். எதுவுமே கிடைக்காவிட்டால் அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று அனுப்பும். இரண்டில் எது வந்தாலும் கோப்பு இறங்கத்தான் செய்யும். நீங்கள் இதை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா?

வல்லை:
ஒரு திருத்தம். "பதிவிறக்கம்" இல்லை, தரவிறக்கம். இறங்குவது தரவு, பதிவு அல்ல. எங்கட பக்கம் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

தட்டச்சுதாஸ்:
தமிழ்நாட்டில் பதிவிறக்கம்தான். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வல்லை:
தப்பைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். அது கிடக்கட்டும். இயங்குதளத்தைக் குற்றம் சொல்கிற கருவேலனோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1996இல் வந்த மைம் விதியில் தெளிவாக இருக்கிறது: டெக்ஸ்ட்/ என்று தொடங்குகிற வகை தெரியாததாக இருந்தாலும், எழுத்துக்குறி முறை (என்கோடிங்) தெரிந்தால் சாதாரண உரையாக நடத்த வேண்டும். இது முழுக்க பிரவுசரின் பிழை.

கருவேலன்:
மைம் முதலில் 1992இல் மின்னஞ்சலுக்காக எழுதியது, அந்த விதியும் அங்கிருந்து வந்ததுதான். சரி, பிரவுசரின் பிழை என்றே வையுங்கள். அதனால் .எச்டிஅக்சஸ் சரியாகிவிடுமா? ஃபைல்:/// இல் சர்வர் எங்கே? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தட்டச்சுதாஸ்:
உங்கள் கோபம் .எச்டிஅக்சஸ் மேல் இல்லை. போன வருடம் திஸ்கி என்கிற பழைய தமிழ் என்கோடிங்கில் இருந்த பக்கங்கள் பூச்சி பூச்சியாகத் தெரிகின்றன என்று ஒருவர் கேட்டபோது, "என்கோடிங் மெனுவில் மாற்றுங்கள்" என்று பெரிய மனிதராகச் சொன்னீர்கள். அந்த மெனுவை ஃபயர்ஃபாக்ஸ் 91இலேயே எடுத்துவிட்டார்கள் என்று நான் காட்டினேன். அதை நீங்கள் மறக்கவில்லை.

கருவேலன்:
திஸ்கியை இங்கே இழுக்க வேண்டாம். மேகலா, இப்படிச் செய்யுங்கள். வீட்டு அடைவில் .மைம்.டைப்ஸ் என்று ஒரு கோப்பு உண்டாக்கி, எம்டி நீட்டிப்புக்கு டெக்ஸ்ட்/பிளெய்ன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸை முழுக்க மூடித் திறங்கள். என் டெபியன் லினக்ஸில் மூன்று வருடமாக ஓடுகிறது.

மேகலா:
செய்தேன். மூடித் திறந்தேன், கணினியையே அணைத்துப் போட்டேன். இப்போது "மருந்து(17).எம்டி".

வல்லை:
ஓடாது. உபுண்டு 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாக, அதாவது கணினியின் மற்ற கோப்புகளைத் தொடக் கட்டுப்பாடு உள்ள பொதியாக வருகிறது. வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்குகிற கோப்புகளைத் தொட ஸ்னாப்புக்கு அனுமதி இல்லை. .மைம்.டைப்ஸை அது பார்க்கவே பார்க்காது.

தட்டச்சுதாஸ்:
பார்த்தீர்களா? என் வழி ஓடாது என்று இரண்டு நாள் முழங்கியவரின் வழியும் ஓடவில்லை.

கருவேலன்:
என்னுடையது சரியான இடம், ஸ்னாப் குறுக்கே நிற்கிறது. உங்களுடையது இடமே இல்லை. இரண்டும் ஒன்றா? விண்டோஸில் இதே வேலையை ரெஜிஸ்ட்ரியில் .எம்டி சாவிக்குக் கீழே கன்டென்ட் டைப் மதிப்பாக எழுதிப் பாருங்கள், நான் சொன்னது புரியும். நம் வட்டில் இருக்கிற கோப்புக்கு வகை சொல்வது நம் கணினி. திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன்.

நெய்தல்:
.டிஎக்ஸ்டி என்று மாற்றினால் தெரியும் என்று முதலிலேயே சொன்னேன்.

மேகலா:
நெய்தல், 412 கோப்புகள். ஸ்னாப்பை எடுத்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸைச் செய்கிற மொசில்லாவே தருகிற வழக்கமான டெப் பொதியைப் போடலாமா, கூடாதா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

வல்லை:
போடலாம். முதலில் ஸ்னாப்பில் இருக்கிற புரொஃபைலை (உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் விவரங்கள் இருக்கிற அடைவை) நகல் எடுங்கள், இல்லாவிட்டால் புத்தகக்குறிகள் போய்விடும்.

கருவேலன்:
போடலாம். ஆனால் இதே தொல்லையோடு அடுத்து வருகிறவர் முதலில் படிக்கப்போவது அந்த .எச்டிஅக்சஸ் பதிலைத்தான். தாஸ் அதை அழிக்கட்டும்.

தட்டச்சுதாஸ்:
அழிக்க மாட்டேன். காலையில் ஒன்பதாவது விருப்பமும் வந்துவிட்டது.

கருவேலன்:
அந்த ஒன்பது பேரில் ஒருவராவது வந்து சொல்லட்டும். சர்வர் எங்கே?